இடது இமை

அத்தியாயம் 14

போன வாரம் அரங்கத்துப் படியில் கால் தவறி விழுந்த சின்னவனுக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டவர்களுக்கு முதலில் நல்ல செய்தி. கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. காலை ஏழு மணிக்கே ஹை ஹீல்ஸை மாட்டிக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக அவன் நடந்த நடையில், கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை படியேறி வந்து முறைத்துவிட்டுப் போனார்.

கெட்ட செய்தியும் இருக்கிறது. அவன் விழுந்ததற்கு ஹீல்ஸ் காரணமில்லை.

"ஒரு படி ரெண்டு படியாத் தெரிஞ்சுதுக்கா. இல்லாத படியில காலை வெச்சுட்டேன்" என்று அன்று தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான். குழு மொத்தமும் சிரித்தது. அவன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்பதை இந்த வாரம் சொல்லியாக வேண்டும். இதற்கு மேலும் அவளுக்காக நான் பூசி மெழுகிக்கொண்டிருக்க முடியாது.

பெரியவள் பதினாறு வருடமாக மேடைக்காரர்களுக்கு மேக்கப் போடுகிறவள். குழுவில் எல்லோருக்கும் அவள் 'டச்சப் அக்கா'. ஆறு ஆண்கள் பெண் வேடம் கட்டி, ஆடிப் பாடி, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை வாய்க்கு வந்தபடி வாரிவிடும் குழு அது. ஆறு முகமும் அவள் கைக்குத்தான் வரும். அதில் ஒன்று தம்பியின் முகம். பகலெல்லாம் செருப்புக் கடையில் குனிந்து ஊரார் காலுக்கு அளவு பார்க்கிறவன், பொழுது சாய்ந்ததும் 'மகாராணி' ஆகிவிடுவான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம். அவனுக்கு இடது இமையில் கோடு இழுத்தாள். வலது கண் கோட்டை விட அது தாழ்ந்து நின்றது. கை நடுங்கிவிட்டது என்று நினைத்து, அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடியும் தாழ்ந்தது. அவள் கையில் தவறில்லை. இமையேதான் இறங்கியிருந்தது.

ஒட்டு இமைமுடி கனம் போல என்று லேசானதாகப் பார்த்து வாங்கினாள். பலனில்லை. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு கண்ணும் சமமாக, பளிச்சென்று இருக்கும். பொழுது ஏற ஏற இடது இமை மட்டும் சரியும். மேக்கப் நாற்காலியில் உட்காரும் நேரத்துக்குக் கருவிழியைத் தொட்டுவிடும்.

அவனுக்கு ஒரு பழக்கம். வேடம் முழுசாக முடியும் வரை கண்ணாடி பார்க்க மாட்டான். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவான். நிகழ்ச்சி முடிந்து எல்லாவற்றையும் கலைக்கும்போது பார்த்தால், ஆறு பேர் முகமும் அடித்துத் துவைத்த துணி மாதிரிதான் இருக்கும். அதில் ஒரு இமையை யார் கண்டது?

பெரியவள் கண்டாள். கண்டதைச் சரிசெய்தாள். இமைக்கு மேல் நிறத்தால் வரையும் போலி மடிப்பை இடது பக்கம் மட்டும் ஒரு நூல் மேலே ஏற்றி வரைந்தாள். அடுத்த வாரம் இரண்டு நூல். கண்ணின் கீழ் விளிம்பில் கொஞ்சம் வெள்ளை கூட்டினாள். சபையில் இருந்து பார்த்த ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த அளவுக்கு அவளுக்குத் தொழில் தெரியும்.

டாக்டரிடம் போவோம் என்று சொல்ல வாயெடுத்த நாளில்தான் பெரிய அரங்கத்துச் சேதி வந்தது. ஒரு நாள் நிகழ்ச்சி. பார்க்க வெளியூர் நிறுவனம் ஒன்றிலிருந்து ஆள் வருகிறார், ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் ஊர் ஊராக அழைத்துப் போவார்கள் என்றார்கள். குழுவில் யாரைக் கேட்டாலும் அது மகாராணிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவன் போனால் மேக்கப்புக்கு அவளும் போவாள்.

இது முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். அவனுக்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை.

இன்றைக்குத்தான் அந்த நாள்.

*

சாப்பாட்டு மேஜையில் முகம் அச்சடித்த தாள்கள் பரப்பிக் கிடந்தன. வெறும் கண், மூக்கு, உதடு மட்டும் கோடாக இருக்கும் தாள். எந்தக் கண்ணுக்கு எந்த நிறம் என்பதை அதில் ஐஷேடோவாலேயே தேய்த்துப் பார்ப்பாள். தேதி போட்டு ஃபைலில் வைப்பாள்.

சின்னவன் ஹீல்ஸோடு வந்து நின்று மூன்று தாளையும் பார்த்தான்.

"முதல் பாட்டுக்குப் புகைக் கண்ணு. ரெண்டாவது பாட்டுக்கும் புகைக் கண்ணு. மூணாவதுக்கும் புகை. நான் என்ன மகாராணியா, ஈர விறகு போட்ட அடுப்பா?"

"மேடைக்கு அது எடுப்பா இருக்கும்டா."

"ரெண்டு மாசமா அதையேதான் சொல்ற. முன்னெல்லாம் நீ இப்படி இல்லக்கா. ஒரு நாள் மயில் நீலம், ஒரு நாள் செம்பு. எவ்வளவு தினுசு போடுவ?"

அவள் பிரஷ்ஷைத் துடைத்தாள். கறுப்பும் சாம்பலும் கலந்து ஓரம் தெரியாமல் தேய்க்கும் புகைக் கண்ணில் கோடு என்று ஒன்று கிடையாது. கோடு இல்லாவிட்டால் ஏற்ற இறக்கம் தெரியாது. அவள் இத்தனை நாள் அந்தப் புகைக்குள்தான் ஒளிந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு வெள்ளை இமை வேணும்" என்றான். "இமை முழுக்க வெள்ளை. மேல கத்தி மாதிரி ஒரே ஒரு பழுப்புக் கோடு. கடைசி வரிசையில இருக்கிறவனுக்கும் நான் கண் சிமிட்டினா தெரியணும்."

"மூணாவது பாட்டு சோகம். அதுக்கு வெள்ளை சரிப்படாது."

"வெள்ளையில ஆரம்பிச்சா நடுவுல தங்கத்தூள் ஒத்திக்கலாம், கடைசியில கறுப்பு ஏத்திக்கலாம். கறுப்புல ஆரம்பிச்சா அப்புறம் எதுக்குமே போக முடியாது. யார் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது?"

அவள் சொல்லிக்கொடுத்த பாடம்தான். ஆசிரியை தோற்றாள்.

"சரி. வெள்ளை" என்றாள்.

அவன் அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, டக் டக்கென்று வாசல் வரைக்கும் நடந்தான். கீழ்வீட்டில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

*

பத்து மணிக்கு ஸ்டுடியோ. அரங்க வாசலில் வைக்க ஆளுயரப் படம் வேண்டும் என்று இயக்குநர் மேடம் கடைசி நேரத்தில் ஒரு யோசனை பண்ணியிருந்தார். பாதி முகம் வேடம், பாதி முகம் வெறுமை.

"வலது பக்கத்தை வெறுமையா விடலாம் மேடம்" என்றாள் பெரியவள் அவசரமாக.

"இடதுதான்மா. அவன் மச்சம் அந்தப் பக்கம்தானே இருக்கு. அவன்தான்னு பளிச்சுன்னு தெரியும்."

மேடம் முடிவு பண்ணிவிட்டால் முடிவுதான். வலது புருவத்தைக் கோந்து வைத்துப் படியவைத்து, மறைத்து, அதற்கு மேலே புதுப் புருவம் வரைந்தாள் பெரியவள். புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே கிடைத்த இடமெல்லாம் வெள்ளை. மேலே பழுப்புக் கோடு. இந்தக் கண்ணை அவள் ஆயிரம் முறை போட்டிருக்கிறாள். இன்றைக்கு வந்தது போல ஒருநாளும் வந்ததில்லை. உதவியாளர்கள் கூட வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

காலை நேரம் இமை சமமாகத்தான் இருக்கும் என்று அவள் தைரியமாக இருந்தாள். போட்டோக்காரர் கெடுத்தார்.

"மேல பாருங்க. இன்னும் மேல. விளக்கையே பாருங்க. இமைக்காதீங்க."

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். லென்ஸ் மாற்றினார். மறுபடி மேலே பார்க்கச் சொன்னார். பெரியவளின் கண் முன்னாலேயே, வேடமில்லாத அந்த இடது இமை மெல்ல மெல்ல இறங்கிற்று. பாதிக் கருவிழியை மூடிக்கொண்டு நின்றது.

"தம்பி, ராத்திரி தூங்கலையா? இந்தக் கண்ணு சொக்குதே" என்றார் போட்டோக்காரர்.

"நல்லாத் தூங்கினேனே" என்று இறங்கி வந்து திரையில் எட்டிப் பார்த்தான் சின்னவன்.

படம் பெரிதாக நின்றது. ஒரு பக்கம் அரசி. இன்னொரு பக்கம் பாதி மூடிய கண்ணோடு யாரோ. அவன் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தான். திரும்பப் படத்தைப் பார்த்தான். விரலால் இமையைத் தூக்கினான். விட்டதும் விழுந்தது.

"என்னண்ணே இது?" என்றான் போட்டோக்காரரிடம். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். உதவியாளர்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீ ஏன்க்கா ஆச்சரியப்படல?"

பதினாறு வருடமாக முகத்துக்கு மேல் முகம் பூசுகிறவளுக்குத் தன் முகத்தில் எதையும் பூசிக்கொள்ளத் தெரியவில்லை.

"ரெண்டு மாசமாடா" என்றாள். "சாயங்காலம் ஆனா இறங்குது. நான்... ஏத்தி வரைஞ்சுட்டு இருந்தேன்."

"ரெண்டு மாசமா?"

"இந்த நிகழ்ச்சி முடியட்டும்னு..."

"என் கண்ணுக்கா இது! என் மூஞ்சியில இருக்கிறது!"

அவன் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் வெள்ளை இமையைத் தேய்த்துக் கழுவினான். சோப்பு கண்ணில் பட்டிருக்கும். அவள் துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாங்கிக்கொள்ளாமல் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

*

கண் மருத்துவமனைக்குப் போன பேருந்தில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவன் முன்னால் போய் ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பெரியவள் பின்னால் தனியாக உட்கார்ந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு போனாள். சின்ன வயசில் அவன் கோபித்துக்கொண்டால் ஐந்து நிமிடம் தாங்காது. இன்றைக்கு ஒன்பது நிறுத்தம் தாண்டியும் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சில் அவசரமில்லை.

"எப்பலேருந்து இப்படி? பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

பெரியவள் போனில் மேடைப் படங்களை எடுத்துக் கொடுத்தாள். போன வாரம், அதற்கு முந்தின வாரம், போன மாதம். டாக்டர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எல்லாத்திலயும் ரெண்டு கண்ணும் சமமாத்தானே இருக்கு?"

"அது அவன் கண்ணு இல்ல டாக்டர்" என்றாள் பெரியவள். "நான் வரைஞ்சது."

ஃபைலில் இருந்த முகத்தாள்களைத்தான் கடைசியில் மேஜையில் விரித்தாள். ஒவ்வொன்றிலும் இடது மடிப்பை எவ்வளவு ஏற்றினாள் என்று பென்சிலில் குறித்திருந்தாள். ஒரு நூல். ஒன்றரை. இரண்டு. மூன்று. தேதியோடு இருந்தது. டாக்டர் ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால் கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு ரப்பர் கையுறையின் விரலில் ஐஸ் நிரப்பி முடிந்து, சின்னவனின் இடது கண் மேல் வைத்து இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டார். எடுத்தபோது இமை மேலே ஏறியிருந்தது. வலது கண்ணுக்குச் சமமாக, சின்னப் பிள்ளையில் இருந்தது போல.

"சரியாயிடுச்சு!" என்று கத்தியே விட்டாள் பெரியவள். "டா, சரியாயிடுச்சுடா! பாரு!"

சின்னவன் கூடச் சிரித்துவிட்டான். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

டாக்டர் சிரிக்கவில்லை.

"உட்காருங்கம்மா" என்றார். "ஐஸ் வெச்சதும் ஏறாம இருந்திருந்தா வேற ஏதாவதா இருக்கும்னு யோசிச்சிருப்பேன். இப்படி ஏறுதுன்னா, இது வெறும் களைப்பு இல்லைன்னு தோணுது."

வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். நரம்பு கொடுக்கிற கட்டளையைத் தசை கொஞ்ச நேரம்தான் கேட்கும், பிறகு சோர்ந்துவிடும், ஓய்வு கொடுத்தால் மறுபடி கேட்கும் என்று விளக்கினார். செருப்புக் கடைப் பையனுக்கும் புரியும்படி நிதானமாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மாத்திரை இருக்கிறது, கட்டுப்படுத்தலாம். ரத்தப் பரிசோதனையும் நெஞ்சுக்கு ஸ்கேனும் எடுக்க வேண்டும். நாளைக்கே நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"இது கண்ணோட நிக்குதா, தொண்டைக்கும் இறங்கியிருக்கான்னுதான் இப்ப தெரியணும். மென்னு சாப்பிடறதுல கஷ்டம் இருக்கா தம்பி?"

"இல்லைங்க டாக்டர்."

"முழுங்கறதுல? தண்ணி குடிச்சா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் சாப்பிடறேன்."

"மூச்சு வாங்குதா? பேசப் பேசக் குரல் மூக்கால வருதா?"

"இல்லவே இல்ல. நான் ரெண்டு மணி நேரம் பாடி ஆடறவன் டாக்டர்." அடுத்து அவன் கேட்கப்போவதைப் பெரியவள் கேட்காமலேயே அறிந்தாள். "இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நிகழ்ச்சி. ஆடலாமா?"

டாக்டர் யோசித்தார்.

"கண்ணு மட்டும்னா, இன்னைக்கு ஒரு நாள் போய்ட்டு வாங்கன்னு சொல்வேன். இறங்கும்போது யாராவது கையைப் பிடிச்சுக்கணும். ஆனா மெல்லறது, முழுங்கறது, மூச்சு, இந்த மூணுல எதுல கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி. ஆடறதுக்கு நடுவுல மூச்சுத் தசை சோர்ந்துட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?"

"புரியுது" என்றார்கள் இருவரும். பேருந்தில் ஏறின பிறகு முதல் தடவையாக ஒன்றாகச் சொன்னார்கள்.

*

நாலரை மணிக்கு அரங்கத்துக் கிரீன் ரூமில் அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். வழக்கத்துக்கு மாறாக நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"போடு. நான் பாத்துட்டே இருக்கேன்."

இனிமேல் அக்கா கையை நம்ப மாட்டேன் என்பதை இதை விட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது. பெரியவள் விழுங்கிக்கொண்டாள்.

"வெள்ளைதானே?"

"வெள்ளைதான். ஏத்தி வரையாதே. எது எங்க இருக்கோ அங்கயே வரை."

"சபையில தெரியுமேடா."

"தெரியட்டும். ஒரு கண்ணால பாதியும் ஒரு கண்ணால முழுசும் பாக்கிற மகாராணின்னு ஒரு ஜோக் எழுதிட்டேன். முன்வரிசைக்காரனைப் பாத்து, உனக்கு இந்தக் கண்ணே போதும்பேன்."

அவள் சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான், கை நீட்டி அவள் முழங்கையை ஒரு தடவை தட்டினான். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. வாசல் கொஞ்சம் திறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வலது கண் முடிந்தது. தங்கத்தூளைத் தட்டில் எடுத்து வைத்தாள். இடது கண்ணுக்கு வெள்ளையைத் தொட்டபோது கதவைத் தட்டினார்கள். அம்மா சாப்பாட்டு டப்பாவோடு வந்திருப்பதாகச் சொன்னார்கள். நிகழ்ச்சி நாளில் மேடைக்குப் போகும் முன் அவன் நாலு வாய் சாப்பிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

"நீ அப்படியே இரு. வாங்கிட்டு வரேன்" என்று வெளியே வந்தாள்.

அம்மாவிடம் காலையிலிருந்து எதையும் சொல்லவில்லை. போனில் சொன்னால் பதறுவாள், நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். தாழ்வாரத்தில் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மகனைப் பெரிய மேடையில் பார்க்கப்போகிற பூரிப்பு முகமெல்லாம் இருந்தது.

"சூடு ஆறறதுக்குள்ள குடுத்துடு."

பெரியவள் டப்பாவைத் திறந்தாள். எப்போதும் போல மூடியபடியே உள்ளே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் டாக்டர் கேட்ட கேள்விகள் காலையிலிருந்து காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே சோறும் காயும் ஒன்றாகக் குழைத்து மசித்து, பல் வராத குழந்தைக்குக் கொடுப்பது போல இருந்தது.

"என்னம்மா இது? இப்படிக் கூழாக்கி வெச்சிருக்க?"

"அவனுக்கு இப்படிக் குடுத்தாத்தான் இறங்குது" என்றாள் அம்மா சாதாரணமாக. "ஒரு மாசமாவே இப்படித்தான் பண்ணித் தரேன். மத்தியானம் கடையிலேருந்து வந்து சாப்பிட உக்காந்தா பாதியில தாடையைக் கையால முட்டுக் குடுத்துக்கிறான். கன்னத்துல கை வெச்சுக்கிட்டு சாப்பிடாதடா, வீடு விளங்காதுன்னு நான் திட்டுவேன். எடுப்பான். மறுபடியும் தானா கை போயிடும். பல்லு வலியோ என்னவோ, சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவேன்னு சொல்லாம இருக்கான்னு நெனச்சேன். சரி, நாமளே கொஞ்சம் கொஞ்சமாக் குழைச்சுப் போடுவோம்னு... அவனுக்கே தெரியாதுடீ. அம்மா கை பக்குவம் மாறிடுச்சுன்னு கிண்டல் பண்ணிட்டு சாப்பிடுவான்."

பெரியவள் டப்பாவை மூடினாள்.

"தண்ணி? தண்ணி குடிக்கும்போது?"

"அதை ஏன் கேக்கற. நாலஞ்சு நாளா தினம் புரை ஏறுது. உன் ரசிகருங்க யாரோ நெனைக்கிறாங்கடான்னு நான்தான் தலையில தட்டுவேன். பெருமையாச் சிரிச்சுக்குவான்." அம்மாவின் சிரிப்பு மகளின் முகத்தைப் பார்த்து நின்றது. "ஏண்டி? என்னடி ஆச்சு?"

அவன் டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது; புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டான். கண்ணில் இறங்கியதை ஒருத்தி நிறத்தால் மூடினாள். தாடையில் இறங்கியதை இன்னொருத்தி சோற்றில் மூடினாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் அவன் மேல் உயிர்.

"நீ இங்கயே இரும்மா. உள்ள வராத" என்றாள் பெரியவள்.

மேடம் எதிரே விரைந்து வந்தார். "அரங்கம் நிறைஞ்சாச்சு! அந்த வெளியூர்க்காரர் ரெண்டாவது வரிசையில உக்காந்தாச்சு! மகாராணி ரெடியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினார்.

கிரீன் ரூம் கதவு வரைக்கும் பதினைந்து அடி இருக்கும். அதை நடக்க அவளுக்கு யுகம் பிடித்தது. இரண்டு மணி நேரம்தான். மூன்றே பாட்டு. நேற்றும் ஆடினான், முந்தாநாள் ஒத்திகையில் ஆடினான், ஒன்றும் ஆகவில்லையே. முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனால் என்ன? பக்கத்திலேயே நின்றுகொண்டால்? யாருக்குத் தெரியும்? இரண்டு மாதம் மூடிய வாய், இன்னும் இரண்டு மணி நேரம் மூடாதா?

கதவைத் திறந்தாள். அவன் கண்ணாடியைப் பார்த்து அந்த ஜோக்கை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். உனக்கு இந்தக் கண்ணே போதும். உனக்கு இந்தக் கண்ணே போதும். மூன்றாவது தடவை சொன்னபோது குரல் லேசாக மூக்கால் வந்தது. அது அவன் காதுக்கு எட்டவில்லை. அவள் காதுக்கு எட்டியது.

"சாப்பாடு எங்க?" என்றான்.

அவள் அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். கையை, கன்னத்தை, மசித்த சோற்றை, புரை ஏறியதை. இந்தத் தடவை ஒரு நூல் கூட ஏற்றாமல் இறக்காமல் சொன்னாள்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் தன் கை தாடைக்குப் போயிருப்பதைக் கண்ணாடியில் பார்த்தான். எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வெளியே வாத்தியங்களுக்குச் சுருதி கூட்ட ஆரம்பித்தார்கள். நாற்காலிகள் நிறைந்த இரைச்சல் சுவரைத் தாண்டிக் கேட்டது.

"அக்கா" என்றான்.

"சொல்லுடா."

"ரெண்டு மாசம் மறைச்சியே. இன்னும் ரெண்டே ரெண்டு மணி நேரம் மறைச்சிருக்கக் கூடாதா?"

அவன் திட்டவில்லை. கெஞ்சினான். சின்ன வயசில் கடை வாசலில் ஒரு பொம்மைக்குக் கெஞ்சிய அதே குரல். அவளால் தாங்க முடியவில்லை. அவன் மடியில் முகத்தைப் புதைத்து, பட்டுத் துணி கறைபடும் என்பதைக் கூட மறந்து, விம்மி விம்மி அழுதாள். அவன் அவள் தலையில் கை வைக்கவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை.

கதவைப் பலமாகத் தட்டினார்கள். "மகாராணி! பத்து நிமிஷம்!" மேடத்தின் குரல்.

பெரியவள் எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். அவனுக்கு ஒரு கண் வெள்ளை இமையும் பழுப்புக் கோடுமாக மேடைக்குத் தயாராக இருந்தது. மற்றது வெறுமையாக, பாதி மூடியிருந்தது.

"என்னடா சொல்லட்டும் அவங்ககிட்ட?"

"என்னை ஏன் கேக்கற?" என்றான் கண்ணாடியைப் பார்த்தபடி. "எனக்கு எப்ப எது தெரியணும்னு நீங்க ரெண்டு பேரும்தானே முடிவு பண்றவங்க. நீயே போய்ச் சொல்லு."

மறுபடியும் தட்டினார்கள். பெரியவள் போய்க் கதவைத் திறந்தாள்.

(தொடரும்)